வரவேற்புக்கு மட்டும்தானா பறை? பூங்காவில் உலக இசை, நடன விழா பற்றி

கேள்வி (ஒரு வாசகர், 4 ஜனவரி 2026)

என் மகன் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் படிக்கிறான். அங்கே மார்ச் மாதத்தில் நகரத்துப் பூங்காவுக்குள்ளேயே நான்கு நாள் உலக இசை, நடன விழா நடக்குமாம். எல்லா நாட்டுக் கலைஞர்களும் வருவார்களாம். கோவையில் இப்போது செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. இங்கேயும் அப்படி ஒன்று நடத்தினால் என்ன? நம் மக்கள் வருவார்களா? நம் நாட்டுப்புறக் கலைஞர்களையும் வரவேற்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

4 ஜனவரி, இரவு 10.15

மக்கள் வருவார்கள். மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை கால் கடுக்க நின்று ஆட்டம் பார்க்கிற ஊர் இது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் கடைசி வரியில் வருகிற "வரவேற்புக்கு" என்ற சொல்தான் உறுத்துகிறது.

மூன்று வருஷம் முன்பு கோவையில் ஒரு பூங்காவில் இதே மாதிரி ஒரு விழா. நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். எங்கள் ஊர்ப் பறைக்குழுவை நான்தான் பேசிக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு பேர். அவிநாசிப் பக்கத்திலிருந்து மதியமே பஸ் ஏறி, நாலு மணிக்கு வாசலில் நின்றுவிட்டோம். விருந்தினர் கார் வந்தால் அடிக்க வேண்டும், கார் உள்ளே போனதும் நிறுத்த வேண்டும். இப்படியே இரண்டரை மணி நேரம்.

மார்கழி மாதம். பொழுது சாய்ந்ததும் பனி இறங்கித் தோல் தொய்ந்துவிட்டது. குழுவின் ஆசான் ஓரமாகப் போய் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தீ மூட்டினார். காவலாளி ஓடி வந்து ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டார். "பார்க்குக்குள்ள தீ மூட்டக் கூடாதுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பறை என்றால் தீ வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் அடித்ததெல்லாம் தொப் தொப்பென்று விழுந்தது. உள்ளே மேடையில் வெளிநாட்டுக் குழு ஒன்று டிரம் வாசித்துக்கொண்டிருந்தது. கைத்தட்டல் வாசல் வரைக்கும் கேட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆசான் கேட்டார்: "உள்ள என்ன தம்பி வாசிச்சாங்க? நீ பாத்தியா?"

நூறடி தூரத்தில் நின்றவர் அவர். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

5 ஜனவரி

"தீ எதற்கு, சும்மா அடித்தால் வராதா?" என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பத்து வருஷம் முன்பு எனக்கும் தெரியாது.

பறையின் வட்டம் மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்து, இணைப்பில் இரும்புத் தகடு வைத்து இறுக்கியது. அதன்மேல் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டுவார்கள். தவிலில் வார் இருக்கிறது, இழுத்து இறுக்கிக்கொள்ளலாம். பறையில் அப்படி எதுவும் கிடையாது. ஈரம் ஏறினால் தோல் தளர்ந்துவிடும், அதை மறுபடி விறைக்க வைக்க வெப்பம் ஒன்றுதான் வழி. எங்கள் ஆசான் பறையைத் தீயில் நேராகக் காட்ட மாட்டார். தழல் தணிந்த பிறகு சாய்த்துப் பிடித்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். நடுவில் விரலால் சுண்டிப் பார்ப்பார். முதலில் மந்தமாக வரும் ஓசை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, ஒரு கட்டத்தில் 'டிண்' என்று தெறிக்கும். அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். இன்னும் காட்டினால் தோல் கருகும், கிழியும்.

அப்புறம்தான் குச்சியை எடுப்பார். வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி, மூங்கிலில் சீவியது. இதெல்லாம் நடக்கும்போது சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். என்னைக் கேட்டால் நிகழ்ச்சி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

5 ஜனவரி, இரவு

எழுதிக்கொண்டிருக்கும்போது மொரீஷியஸ் நினைவு வந்துவிட்டது. அங்கே ஒரு துணி ஆலையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். முதல் சம்பளத்தை எண்ணும்போது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் கடற்கரையில் செகா நடக்கும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் உண்டாக்கிய பாட்டும் ஆட்டமும் அது. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதற்கு அடிக்கிற வாத்தியத்தின் பெயர் ரவான். பெரிய வட்டம், ஒரே பக்கம் ஆட்டுத்தோல், கையால் அடிப்பார்கள். முதல் நாள் பார்த்தபோது ஒரு பெரியவர் காய்ந்த இலைகளைக் குவித்துத் தீ வைத்து, ரவானைச் சாய்த்துப் பிடித்து, சுற்றி, விரலால் தட்டிப் பார்த்தார். எங்கள் ஆசான் செய்வது போலவேதான். மொழி தெரியாத ஊரில், மணலில் நின்றுகொண்டு, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆட்டத்தில் கால் தரையை விட்டு எழும்பாது. தேய்த்துத் தேய்த்து நகர்வார்கள். யாரும் மேடை போடவில்லை. தீயைச் சுற்றி ஆட்கள், ஆட்களைச் சுற்றி ஆட்கள். பார்க்க வந்தவள் அரை மணி நேரத்தில் ஆடுகிறவளாகிவிடுவாள்.

கோவைப் பூங்காவில் ஒரே தீயில் பறையும் ரவானும் காய வேண்டும். அதுதான் என் ஆசை. உலக இசை விழா என்றால் எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

9 ஜனவரி

திருத்தம். ரவானும் இப்போது பல இடங்களில் செயற்கைத் தோலில் வந்துவிட்டது, அதற்குத் தீ வேண்டாம். இதைச் சுட்டிக்காட்டிய அன்பர், "அப்படியானால் பறைக்கும் பைபர் போட்டுவிடலாமே, பூங்காவில் பிரச்சினையே இல்லை" என்கிறார். போட்டிருக்கிறார்கள். எங்கள் குழுவிலேயே இளைஞர்கள் இரண்டு பேர் மழைக்காலத்துக்கென்று வைத்திருக்கிறார்கள். சத்தம் நன்றாகத்தான் வரும். ஆனால் எந்நேரமும் ஒரே சத்தம். தோல் பறை மாலையில் ஒரு குரல், நடு இரவில் ஒரு குரல். எதில் அடிப்பது என்பதைக் கலைஞர் முடிவு செய்யட்டும். பூங்கா விதிக்காக அவர் கையிலிருப்பதை மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

தீக்கு வழி இருக்கிறது. அரை டிரம்மில் மணல் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் வைத்து, ஓர் ஆளை நிறுத்தி, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டால் முடிந்தது. கோயிலில் பூவோடு (தீச்சட்டி) எடுக்கிற ஊரில் இது பெரிய காரியம் இல்லை.

11 ஜனவரி

அடிலெய்டு பற்றி. அந்த விழா 1992-ல் அங்கே பொட்டானிக் பார்க்கில் தொடங்கியது. தாய் விழா இங்கிலாந்தில், பாடகர் பீட்டர் கேப்ரியலும் நண்பர்களும் 1982-ல் நடத்தியது. கலை நன்றாக நடந்தது, கணக்கு கவிழ்ந்துவிட்டது. கடனை அடைக்க கேப்ரியல் தன் பழைய குழுவோடு சேர்ந்து அதே வருஷம் ஒரு கச்சேரி செய்ய வேண்டிவந்தது. கோவையில் யார் நடத்தினாலும் இதைத் தெரிந்துகொண்டு இறங்கட்டும். முதல் வருஷம் கை கடித்ததும் "நம்மூருக்கு இது ஒத்துவராது" என்று மூட்டை கட்டிவிடக் கூடாது.

அடிலெய்டில் டிக்கெட் உண்டு. எனக்குப் பிடித்தது சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டெர்ன் குரோவ். 1938 முதல் நடக்கிறது, கட்டணம் கிடையாது. யூகலிப்டஸ் மரங்கள் சூழ்ந்த ஒரு பள்ளம், சரிவில் ஜனங்கள் உட்கார்ந்துகொள்கிறார்கள். சரிவு என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

இன்னொன்று. 'உலக இசை' என்ற பெயரே லண்டனில் 1987-ல் சில இசைத்தட்டு நிறுவனத்தார் ஒரு மதுக்கூடத்தில் கூடிப் பேசி வைத்தது. கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாத தட்டுகளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. லண்டன் கடைக்காரருக்குப் பறை உலக இசை. அவிநாசியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எது உலக இசை? இதை யோசிக்காமல் அவர்கள் பட்டியலை அப்படியே எடுத்து வந்தால் பறை மறுபடி வாசலுக்குத்தான் போகும்.

11 ஜனவரி, இரவு

மேலே கேட்ட கேள்விக்குப் பதில் இன்று மாலையே கிடைத்தது. திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி விடுதிப் பக்கம் போயிருந்தேன். ஜார்க்கண்ட் பையன்கள் மாந்தர் என்ற மேளத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மண்ணால் செய்த உடல், இரண்டு பக்கமும் தோல், கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே அடிக்கிறார்கள். அதில் ஒருவன் ஆறு மாதமாக என்னோடு ஒரே கேன்டீனில் சாப்பிடுகிற பையன். அவன் வாசிப்பான் என்று எனக்குத் தெரியாது. ஊரிலிருந்து மாந்தரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தானாம், மண் உடைந்துவிடும் என்று.

விமான டிக்கெட் போட்டு ஆள் அழைப்பதற்கு முன்னால் திருப்பூரையும் கோவைக் கல்லூரி விடுதிகளையும் ஒரு சுற்று சுற்றி வரலாம். ஆப்பிரிக்க மாணவர்கள் இருக்கிறார்கள், ஒடியா, பீகார் ஆட்கள் இருக்கிறார்கள். அட்டப்பாடியில் இருளர் பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மேலே நீலகிரியில் படுகர் வெள்ளை உடுத்தி வட்டம் கட்டி ஆடுகிறார்கள்.

12 ஜனவரி

நேற்று ஒருவருக்குப் பதில் எழுதும்போது "வள்ளி கும்மி பெண்களின் ஆட்டம்" என்று போட்டுவிட்டேன். தவறு. வள்ளி ஒயில் கும்மி வெகு காலம் ஆண்கள் ஆடியது. பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்து ஆசிரியர் பத்ரப்பன். 2024-ல், 87 வயதில், பத்மஸ்ரீ பெற்றார். இப்போது எங்கள் பக்கம் பெண்கள் இல்லாத கும்மியைப் பார்ப்பதே அரிது என்பதால் கை தவறி எழுதிவிட்டேன்.

18 ஜனவரி

பொங்கலுக்கு அம்முச்சி (அம்மாவின் அம்மா) ஊருக்குப் போயிருந்தேன். கோயில் மைதானத்தில் கும்மி. சின்னப் பிள்ளைகளிலிருந்து பேரன் எடுத்தவர்கள் வரை வட்டம் கட்டி ஆடினார்கள். நடுவில் ஆசிரியர் நின்று பாட, முருகன் வள்ளியைத் தேடி வேடனாக வருகிற இடத்தில் அடவு மாறுகிறது. கால் முன்னே போய், பின்னே வந்து, குனிந்து, நிமிர்ந்து, கைதட்டல் ஒரே சமயத்தில் விழும். அந்தச் சத்தத்தை வட்டத்துக்குள் நின்று கேட்க வேண்டும்.

ஆனால் அங்கேயே என் கருத்து ஒன்று மாறிவிட்டது. "மேடை வேண்டாம், நாற்காலி வேண்டாம், எல்லாரும் தரையில் நிற்கட்டும்" என்று பொங்கலுக்கு முன்னால் அழுத்திச் சொல்லியிருந்தேன். அம்முச்சிக்கு எண்பத்திரண்டு வயது, முழங்கால் மடக்க முடியாது. அரை மணி நேரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கண்ணு, முன்னால நிக்கறவங்க முதுகுதான் தெரியுது, வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். அந்த ஆட்டத்தை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கடைசியில் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி உட்கார வைத்தேன். முழு வட்டமும் தெரிந்தது. பாட்டு முடிகிற வரை இறங்கவில்லை.

ஆக, மேடையை உயர்த்துவதற்குப் பதிலாகப் பார்க்கிறவர்களை உயர்த்த வேண்டும். சரிவு என்று சொன்னது இதற்குத்தான். பூங்காவில் புல் சரிவு இருக்கிற இடமாகப் பார்த்துக் கீழே சமதளத்தில் ஆட்டம். சரிவில் பவானி ஜமுக்காளம் விரித்துவிட்டால் குடும்பமாக உட்காருவார்கள். மேல் விளிம்பில் ஒரு வரிசை நாற்காலி, முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும். முக்கியப் பிரமுகர்களுக்கு என்று சோபா போட ஆரம்பித்தால் அன்றோடு கெட்டது.

18 ஜனவரி, கொஞ்சம் கழித்து

சாப்பாட்டுக் கடை பற்றிக் கேட்டவருக்கு: அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, கம்மங்கூழ், ஒப்புட்டு. காளான் வண்டி தானாகவே வந்துவிடும்.

29 ஜனவரி, மடத்துக்குளம் தாண்டி

தைப்பூசத்துக்குப் பழனி நடந்துகொண்டிருக்கிறோம். கால் கொப்பளத்தோடு போனில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும். பின்னால் ஒரு காவடிக் குழு வருகிறது, உருமியோடு. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது வருகிற அந்த உறுமல் ரோட்டோரப் புளியமரத்தில் பட்டுத் திரும்புகிறது. மைக் இல்லை. அரைக் கிலோமீட்டர் கேட்கிறது. அதைக் கேட்டு நடக்கும்போது வலி தெரியவில்லை.

4 பிப்ரவரி

விழாவுக்கு மைக் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் போடுகிற சண்டையைப் படித்தேன். சட்டம் தெளிவாக இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. விழாக்களுக்காக நள்ளிரவு வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் போகாமல். தளர்வெல்லாம் கேட்க வேண்டாம், ஒன்பது மணிக்கு முடித்துவிடுவோம். மரத்தில் அடைகிற பறவைகளும் தூங்க வேண்டும்.

பறைக்கும் உருமிக்கும் மைக்கே வேண்டாம். பாட்டுக்கும் இருளர் குழலுக்கும் மட்டும் சின்னதாக ஒன்று. பறையையும் குழலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் குழல் செத்துவிடும், எதிரெதிர் மூலையில் வைக்க வேண்டும்.

4 பிப்ரவரி, இரவு

"கலையில் எதற்குச் சாதியைக் கொண்டு வருகிறீர்கள்?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். நான் கொண்டு வரவில்லை. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வெளியே வெயிலில் நின்று பறை அடித்ததை நான் பார்த்து வளர்ந்தேன். திருவிழாவிலும் அவர்கள் இடம் வெளியேதான். அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது. எங்கள் ஆசானை விட என் அப்பா நான்கு வயது இளையவர், ஆனாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் முதல் தடவை "அண்ணா" என்றபோது வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

பூங்கா எல்லாருக்கும் பொதுவான நிலம். அங்கேயும் பழைய ஏற்பாட்டின்படியே அவரை வாசலில் நிறுத்துகிறோம் என்றால், அதைக் கலை என்ற பேர் சொல்லி மூடக் கூடாது. கோபப்பட்ட நண்பருக்கு என்மேல் வருத்தம் இருந்தால் இருக்கட்டும். இதில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன்.

8 பிப்ரவரி

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று எங்கள் பகுதிப் பூங்காவிலேயே சின்னதாக ஒரு மாலை நடத்த நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலரை முதல் ஒன்பது வரை. பறை, வள்ளி கும்மி, விடுதிப் பையன்களின் மாந்தர், ஒரு கல்லூரியில் படிக்கிற ஆப்பிரிக்க மாணவர்கள் இருவரின் ஜெம்பே மேளம்.

அந்த மாணவர்களைப் பார்க்கப் போய் ஒரு பாடம் படித்தேன். "தோல் வாத்தியம் என்றால் தீ வேண்டும்" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஜெம்பேயும் ஆட்டுத்தோல்தான், ஆனால் பக்கவாட்டுக் கயிற்றைக் குறுக்காக முடிச்சுப் போட்டு இழுத்தே இறுக்கிவிடுகிறார்கள். தவில் வார் மாதிரி. நான் அரை டிரம்மைப் பற்றி ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிச்சுப் போடுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கை இன்னும் எரிகிறது.

பணம். எல்லாக் குழுவுக்கும் ஆளுக்கு ஒரே தொகை, அன்று இரவே கையில். அந்தப் பழைய விழாவில் எங்கள் குழுவுக்குப் பணம் வர இரண்டு மாதம் ஆனது, அதுவும் நான் ஏழு தடவை போன் செய்த பிறகு. இந்தத் தடவை வசூல் குறைந்தால் நாங்கள் நாலு பேர் போடுவோம். நோட்டீஸில் 'பறைக்குழு' என்று மட்டும் போடாமல் ஆசானிலிருந்து கடைசிப் பையன் வரை ஏழு பேர் பெயரும் வரும்.

15 பிப்ரவரி

பூங்காவில் தீக்கு எழுத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டு நிபந்தனை: புல்லில் வைக்கக் கூடாது, மரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நியாயமானவை. வெல்டிங் பட்டறையில் அரை டிரம்முக்குக் கால் வைக்கக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் ஆசானுக்குப் போன் போட்டேன். தேதி சொன்னேன், நாற்பது நிமிடம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வாசல்லயா, உள்ளயா தம்பி?"

"உள்ளங்கண்ணா. நடுவுல."

"அப்பச் சரி. பெருஞ்சலங்கை கட்ற ஆளு ஒருத்தன் இருக்கான், அவனையுங் கூட்டிட்டு வர்றேன். மத்தவங்க வாசிக்கறப்ப நாங்க உக்காந்து பாக்கலாமில்ல?"

நோட்டீஸில் ஒரு பெயர் சேர்க்க வேண்டும். அச்சகத்துக்கு நாளைக்குள் கொடுக்க வேண்டும்.